பன்னிரண்டாம் நம்பர் மேடம்

பன்னிரண்டாம் நம்பர் அறையிலிருந்து மறுபடியும் மணி. காலையிலிருந்து இது ஆறாவது தடவை.

"என்ன மேடம்?"

"படுக்கை விரிப்பு கசங்கியிருக்கு. மாத்து."

மாற்றி அரைமணிகூட ஆகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றினாள், அறைகளைச் சுத்தம் செய்கிறவள். கொரோனாவுக்குப் பிறகு ஓட்டல் திறந்து இரண்டு மாதம்தான். வந்து தங்குவதே பத்துப் பேர், அதில் இப்படி ஒரு மகராசி!

இரண்டு மாடிக்கும் இவள் ஒருத்திதான். கூட வேலை பார்த்த அக்காவை மேனேஜர் இன்னும் திரும்பக் கூப்பிடவில்லை. "அதான் நீ ஒருத்தியே சமாளிக்கிறியே" என்பார்.

முடியலை என்று சொல்ல இவளுக்குப் பயம். சொல்லப்போய் உள்ளதும் போச்சு என்றாகிவிட்டால்? வாயை மூடிக்கொண்டு ஓடியாடிச் செய்தாள். "எனக்காகக் கேட்டுப் பார்த்தியாடி?" என்று அக்கா போனில் கேட்கும்போதுதான் குற்ற உணர்ச்சி கொன்றது.

மறுபடியும் மணி. துண்டு ஈரமாம். அடுத்தது, ஜன்னலில் தூசியாம். துடைத்துவிட்டுக் கீழே வந்தால், மேடம் மேனேஜரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

"மணி அடிச்சா ஆளையே காணோம். நாலு பேர்கிட்ட இதைச் சொன்னா உங்க ஓட்டலுக்கு யார் வருவாங்க?"

"நாளைக்கே வேற ஆள் போட்டுடறேன் மேடம்."

இவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிழைப்பில் மண் விழுந்தது என்றே நினைத்தாள். மேடத்தை மனசுக்குள் திட்டாத திட்டு இல்லை.

மறுநாள் காலை சீருடையில் வந்து நின்றது, அக்கா!

"இனிமே ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்கன்னுட்டார்டி!"

இவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது பார்த்து, பன்னிரண்டாம் நம்பர் மணி. இருவரும் ஓடினார்கள்.

கதவைத் திறந்த மேடம் அக்காவின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த ஓட்டலைத் தனிமை முகாமா வச்சிருந்தப்போ, கொரோனா வந்து இதே அறையில பதினாலு நாள் அடைஞ்சு கிடந்தேன். கதவுக்கு வெளியே சாப்பாட்டை வச்சுட்டு, 'தைரியமா இருங்கம்மா'ன்னு தினமும் பேசிட்டுப் போவியே, இன்னிக்குத்தான் உன் முகத்தைப் பார்க்கிறேன்!"

பிறகு இவள் பக்கம் திரும்பினார்.

"உன்னைப் பாடாப் படுத்திட்டேன், மன்னிச்சுக்கம்மா. வேலை அதிகமானாத்தான் இவளைத் திரும்பக் கூப்பிடுவேன்னு உங்க மேனேஜர் சொன்னார். அதான், நாலு நாளா என்னால முடிஞ்ச வேலையைக் கொடுத்தேன்."