செவ்வாய்க்கிழமை வந்த அம்மாள்

எல்மினா துறைமுகத்தில் வழிகாட்டி எபோவுக்குக் குழப்பம். குமாசியிலிருந்து வந்த அந்த அம்மாள் கோட்டைப் பக்கம் திரும்பவே இல்லை.

"செவ்வாய்க்கிழமை பார்த்து வந்துட்டீங்களே அம்மா. இன்னிக்குக் கடல் தெய்வத்துக்கு ஓய்வு நாள், ஒருத்தரும் மீன் பிடிக்கப் போக மாட்டாங்க."

"தெரிஞ்சுதான் வந்தேன். அதோ, நீலப் படகுல வலை தைக்கிறானே, அவன் குடிப்பானா?"

"குவாமெனாவா? சாவு வீட்ல கொஞ்சம்."

"கோபம் வந்தா?"

"துடுப்பைத் தூக்கிக் கடல்ல எறிவான். அப்புறம் அவனே நீந்திப்போய் எடுத்துட்டு வருவான்."

அம்மாள் முதல்முறையாகச் சிரித்தாள். போலீஸாக இருக்குமோ என்று எபோவுக்குச் சந்தேகம். பேச்சை மாற்றினான்.

"கோட்டைக்குப் போகலாமா? உப்பளமும் பக்கம்தான். கோட்டையைப் பார்க்கத்தான் ஊர் உலகமே வருது."

"வரட்டும். கோட்டையா என் பொண்ணைக் கட்டிக்கப் போகுது?"