மூக்கில் ஒரு கீறல்

"கீறல் அங்க இல்லீங்க மேடம். இன்னும் கொஞ்சம் கீழே. மூக்குக்கு இடது பக்கம்."

பல்செட் கட்டுபவள் தூரிகையை எடுத்துக்கொண்டு கமாண்டரை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியில் அவருடைய மீசை மட்டும்தான் தெரிந்தது.

மேசையில், காயவைத்த பல்செட்டுகளுக்கு நடுவே, முழங்கை நீளத்துக்கு ஒரு போர் விமானம் மூக்கும் முழியுமாக நின்றது. பொம்மை விமானம் செய்வது அவளுக்குப் பொழுதுபோக்கு. போன மாதம் ஒரு கண்காட்சியில் அவள் கைவேலையைப் பார்த்துவிட்டுப் போன விமானப்படை கமாண்டர், மூன்று நாட்களுக்கு முன் திடுதிப்பென்று கடைக்குள் நுழைந்து, "என் விமானத்தை அச்சு அசலா செஞ்சு தரணும்" என்று நின்றார். அன்றோடு பல் வேலை படுத்துவிட்டது.

"என் பழ்ழு?" என்று பெஞ்சிலிருந்து குரல் வந்தது. வக்கீல். தன் பல்செட்டுக்காக அவரும் மூன்று நாளாக அங்கேயே பழியாய்க் கிடந்தார்.

"நாளைக்குக் கட்டாயம் தந்துடறேன் சார்."

"நாழைக்குத்தான் கேஸே!"

"ஸ்ஸ்!" என்றார் கமாண்டர். "நீங்க வாயைத் திறந்தா வெறும் காத்துதான் வருது. கரிப்பொடி பறக்குது பாருங்க."

புகை கக்கும் குழாயைச் சுற்றிக் கருகல் காட்ட, பென்சில் கரியைப் பொடித்து வைத்திருந்தாள். அதை விரல் நுனியால் தொட்டுத் தேய்த்தாள்.

"ஒரு போட்டோ இருந்தா இவ்வளவு கஷ்டமே இல்லை சார்."

"போட்டோ எடுக்கக் கூடாதுன்னு சட்டம். பரம ரகசியம் மேடம்."

"அப்போ வக்கீல் சார் பாக்கலாமா?"

கமாண்டர் திரும்பி வக்கீலை மேலும் கீழும் பார்த்தார். "பாக்கட்டும். யார்கிட்ட போய்ச் சொன்னாலும் புரியாது."

பிறகு கண்ணை மூடிக்கொண்டார். எதையோ தடவுவதுபோல் அவர் கை காற்றில் நகர்ந்தது.

"வால்ல ஒரு ஒட்டுப் போட்ட தகடு. வயித்துல எண்ணெய்க் கறை, எவ்வளவு துடைச்சாலும் போகாது. கடைசியா வியாழக்கிழமை பார்த்தது. கண்ணுக்குள்ளயே நிக்குது மேடம்."

குரல் கம்மிவிட்டது. அவள் தூரிகையைக் கீழே வைத்தாள். பழைய விமானம், உடைக்கக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அவளும் தன் பழைய ஸ்கூட்டரை விற்ற அன்று, அது தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றவள்தான்.

"இந்தக் கறை, கீறல் எல்லாம் வேண்டாமே சார். புதுசாட்டம் பளபளன்னு செஞ்சு தரேன். அப்படியே நினைவுல வெச்சுக்குங்க."

"ஐயோ, அந்தக் காரியம் மட்டும் செஞ்சுடாதீங்க!" கமாண்டர் பதறிப்போனார். "அதெல்லாம் இல்லேன்னா யாருக்கு அடையாளம் தெரியும்?"

"உங்க மேலதிகாரிங்களும் பார்த்து ஆசைப்படுவாங்க இல்லே?"

கமாண்டர் கூரையைப் பார்த்தார். "அவங்களுக்கு இன்னும் விஷயத்தையே சொல்லலை. அவங்க கேக்கறதுக்குள்ள இது முடியணும்."

யாருக்கும் தெரியாமல் அழுகிறார் பாவம் என்று நினைத்துக்கொண்டாள். கை தானாகவே வேகம் பிடித்தது. பல் இடுக்கைச் சுரண்டும் ஊசியால் மூக்கில் கீறலைப் போட்டாள். ஏரியல் கம்பிக்கு மட்டும் தோதாக எதுவும் அகப்படவில்லை. தன் தலையிலிருந்தே ஒரு முடியைப் பிடுங்கினாள். நரைமுடி, அசல் எஃகுக் கம்பிபோலவே மினுங்கியது. "ழேணும்னா..." என்று வக்கீலும் கைகொடுக்க வந்து, தன் தலையைத் தடவிப் பார்த்து, மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"முடிஞ்சுது சார்."

கமாண்டர் விறைப்பாக நின்று விமானத்துக்கு ஒரு சல்யூட் வைத்தார். பிறகு அதைக் கைக்குழந்தையைப்போல் ஏந்திக்கொண்டு கடைக்குப் பின்னாலிருந்த வெற்றுத் திடலுக்கு ஓடினார். மண்ணில் நிறுத்தினார். இஸ்திரி கலையாத சீருடையோடு குப்புறப் படுத்து, தரையோடு தரையாகக் கேமராவை வைத்துச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். பின்னாலேயே வந்த அவளும் வக்கீலும் கேமராவில் எட்டிப் பார்த்தார்கள்; நிஜ விமானமே வந்து நிற்பதுபோல்தான் இருந்தது.

"போட்டோ எழுக்கக் கூழாதுன்னு ஷட்டம்னீங்க?" வக்கீல் மடக்கினார்.

"நிஜத்தைத்தான் எடுக்கக் கூடாது. பொம்மையை எடுக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

வக்கீல் விரல்விட்டுச் சட்டப் பிரிவுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "ஷரிதான்" என்று ஒப்புக்கொண்டார்.

கமாண்டர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். கேமராவை மார்போடு அணைத்தபடி ஜீப்பைப் பார்த்து ஓடினார்.

"சார், விமானத்தை விட்டுட்டுப் போறீங்களே!"

"நீங்களே வெச்சுக்குங்க மேடம். எனக்குப் படம் போதும்!"

ஜீப் பறந்தது. மூன்று நாள் ராப்பகலாகக் கண்ணைக் கொடுத்துச் செய்ததை இப்படி மண்ணில் போட்டுவிட்டுப் போய்விட்டாரே என்று அவளுக்கு ஆறவேயில்லை. அந்தக் கோபத்திலேயே உட்கார்ந்து, சாயங்காலத்துக்குள் வக்கீலின் பல்செட்டை முடித்து அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை கடை திறக்க வந்தவள், எதிர் மின்கம்பத்தைப் பார்த்ததும் சாவியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். சுவரொட்டியில் அவளுடைய விமானம்; அதன் தலைக்கு மேலே கொட்டை எழுத்தில் "காணவில்லை." கீழே, "வியாழக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் நிறுத்திவிட்டு டீ குடித்து வருவதற்குள் எங்கோ போய்விட்டது. எங்கே இருந்தாலும் உடனே திரும்பி வரவும். யாரும் திட்ட மாட்டோம்."