மூன்றாவது குண்டு

ரப்பர் மரங்களுக்கிடையே காலை வெயில் கீற்றுக் கீற்றாக விழுகிறது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வாங்கவிருக்கும் பழைய பிஸ்டலைச் சுட்டுப் பார்த்துவிட்டு, ஃபிட்டர் அழகேசன் பங்களா வாசலுக்கு வருகிறான். சுட்டதில் இரண்டு குண்டுகள் ஒழுங்காகப் பாய்ந்தன. மூன்றாவது ஒவ்வொரு தடவையும் சிக்கிக்கொண்டது; அது அவனுக்கு மட்டும்தான் தெரியும். "தினம் இடுப்புல வெச்சிக்கலாமா, அழகேசா?" என்று துரை கேட்கிறார். துரைமார்களைச் சுடும் கூட்டத்தோடு காட்டுக்குள் போய்விட்ட தம்பியை நினைத்தபடி, அழகேசன் எண்ணெய்க் கையைக் கால்சட்டையில் அழுத்தித் துடைக்கிறான். "நம்பி வெச்சிக்கலாங்க, தொரை." காட்டு வழியே கோலா கெத்தில் டவுனுக்குக் கிளம்ப நிற்கும் காரில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும் காவல்காரன் ஜைனலைத் துரை சிரித்துக்கொண்டே இறங்கச் சொல்கிறார். "இனிமே நீ வர வேணாம்." ஜைனல் இறங்கிய இடத்தில் துரையின் சின்ன மகள் தாவி ஏறுகிறாள். அழகேசன் திறந்த கார்க் கதவைப் பிடித்துக்கொள்கிறான். "கதவு சாத்து, அழகேசா," என்கிறாள். அவன் சாத்துகிறான்.