வாசல் கம்பத்தில் அம்மா

சிகாகோவில் பழைய வீடுகளின் வாசலில் பேசும் கம்பங்களை நடுகிறார்கள். அங்கே முன்பு குடியிருந்து, இப்போது உயிரோடு இல்லாதவரின் குரலிலேயே கம்பம் வீட்டின் கதையைச் சொல்லும்; கேட்டால் பதிலும் பேசும். நாங்கள் குடியிருந்த வீட்டின் வாசலில் என் அம்மா பொன்னுத்தாய் பேசுகிறாள்.

"வாங்க, வாங்க. இருபது வருஷம் இங்க நல்லா இருந்தோம்."

ஜனவரிப் பனியில் வீட்டுக்காரன் அவளைச் சாமானோடு தெருவில் தள்ளினான். அந்தக் குளிரில் வந்த காய்ச்சலில்தான் செத்தாள். அதையும் சேர்க்கச் சொல்லிக் கம்பம் நடும் கம்பெனிக்கு எழுதினேன். கம்பத்தில் உங்கள் அம்மாவே சொன்னால் சேர்க்கிறோம் என்று பதில் வந்தது.

கம்பத்தின் முன்னால் போய் நின்றேன்.

"உன்னை வெளிய தள்ளினானே, அதைச் சொல்லும்மா."

"வந்தவங்க முன்னாடி அதெல்லாம் எதுக்குடி? பட்டம் வாங்கிட்டா சண்டைக்கு நிக்கணுமா?"

பொய்க் குரல் என்று வழக்குப் போட நினைத்திருந்தேன். இனி முடியாது. அது அம்மாவேதான்.