சிவப்பு முகம்

ஷ்யாமளா மேடத்தின் தட்டில் கீதா சாம்பாரை ஊற்றவில்லை. கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

செம்பூரில் உள்ள இந்தக் கம்பெனி தன் ஆட்களுக்கு மதியச் சாப்பாட்டை இலவசமாகத் தருகிறது. மேடத்துக்குப் பின்னால் வரிசையில் இருபது பேர்.

"மூணு கரண்டி வாங்கித் தின்னுட்டு, போம்போது செவப்ப அமுக்குதீய. கோமதியக்கா வயித்துல அடிக்கதுல ஒங்களுக்கு என்ன மேடம் சந்தோசம்?"

கேன்டீன் வாசலின் உள்பக்கம் ஒரு மிஷின் நிற்கிறது. அதன் கண்ணாடியில் மூன்று முகங்கள். பச்சை சிரிக்கும், மஞ்சள் சும்மா இருக்கும், சிவப்பு முறைக்கும். சாப்பாடு எப்படி என்று சொல்ல, சாப்பிட்டவர்கள் போகிற போக்கில் ஒன்றைத் தொடுவார்கள்.

தினமும் சிவப்பு விழுந்தது. சனிக்கிழமையோடு சமையல்காரி கோமதியம்மாள் வர வேண்டாம் என்று கான்டிராக்டர் சாய்நாத் சொல்லிவிட்டார்.

சாம்பாரில் புளி தூக்கல் என்று முகத்தைச் சுளித்தவள் ஷ்யாமளா ஒருத்திதான். சாப்பிட்டதும் அந்த மிஷினுக்குப் பக்கத்தில் நின்றுதான் போன் பேசுவாள். ஒரு மாதமாக அவளுக்கு மட்டும் அடிச்சோறும் உடைந்த அப்பளமும் போட்டுக்கொண்டிருந்தாள் கீதா. இன்று அதுவும் போதவில்லை.

ஷ்யாமளா தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். வரிசையில் யாரோ சிரித்தார்கள். கீதாவுக்கு வயிறு குளிர்ந்தது.

எல்லோரும் போன பிறகு ஷ்யாமளா திரும்பி வந்தாள். கையில் அந்த மிஷினின் கணக்கை அச்சடித்த ஒரு தாள்.

"அந்த மிஷினை நான் ஒரு நாள்கூடத் தொட்டதில்லை. எந்த மூஞ்சியை எத்தனை மணிக்குத் தொட்டான்னு இதுல இருக்கு. நன்னாப் படி. படிச்சுட்டு அத்தனை பேர் முன்னால மன்னிப்புக் கேளு."

பச்சையும் மஞ்சளும் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரைக்குள். சிவப்பு மட்டும் மூன்று பத்து, மூன்று பதினொன்று. மாதம் முழுக்க அப்படியே.

இரண்டரைக்கே வாசல் கதவைச் சாத்திவிடுவார்கள்.

"மூணு பத்துக்கு இங்க யாரு இருப்பா?" என்று கேட்டாள் ஷ்யாமளா.

கீதா அந்த மணிகளை விரல் வைத்து மறுபடி படித்தாள்.

உள்ளே பாத்திரங்களுக்கு நடுவிலிருந்து கோமதியம்மாளின் குரல் வந்தது.

"ஏட்டி கீதா, மூணாயிட்டு. மிஷினத் தொடைக்கலையா? தெனமும் அந்தச் செவப்பு மூஞ்சிய வச்சு அழுத்தி அழுத்தித் தேய்ப்பியே, இன்னைக்குக் கோவம் தீந்துட்டா?"