கடைசி மெஷின்

"இது எத்தனாவது தடவை?"

தையல் கம்பெனி மொத்தமும் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாங்க சூப்பர்வைசரம்மா. அவங்களுக்கு அங்க வச்ச பேரு சைரன்!

காலர் தைக்கிறவ அப்படியே நின்னுட்டா. பாத்ரூம் வாசலுக்கு இன்னும் முழுசா முப்பது அடி.

"நாலாவதுக்கா..."

"அஞ்சு! எண்ணிக்கிட்டுதான் இருக்கேன். உன்னால சட்டையெல்லாம் கழுத்தில்லாம முண்டமா கிடக்கு!"

பக்கத்து மெஷின்காரி களுக்குன்னு சிரிச்சா. கண்ணாடி ரூம்ல இருந்து மேனேஜர் வேற எட்டிப் பார்த்தார்.

காலர்காரிக்குப் போன மாசம் கால்ல ரத்தம் உறைஞ்சு கட்டிக்கிச்சுன்னு, ரத்தத்தை இளக்க மாத்திரை கொடுத்தாங்க. வீக்கம் வடிஞ்சுது, சரி. ஆனா மாசாமாசம் வர்றது இப்படிக் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டும்னு ஒருத்தரும் சொல்லலையே! ஒரு நாப்கின் ஒரு மணி நேரம் தாங்கல. சேர்ல கறை பட்டா மானம் போகும். விஷயத்தைச் சொன்னா வேலையே போகும். அடுத்த வாரம்தான் நிரந்தரம் பண்ணப் போறாங்க.

பேசாம இன்னிக்கே மாத்திரையை நிறுத்திடலாம்னு முடிவே பண்ணிட்டா.

"என்ன முழிக்கிற? எடு உன் பெட்டியை! பாத்ரூம் ஓரமா கிடக்கே கடைசி மெஷின், இனிமே அதான் உனக்கு. அந்த நாத்தத்துல உட்கார்ந்தாதான் புத்தி வரும்!"

மேனேஜர் திருப்தியா தலையாட்டிட்டு உள்ள போயிட்டார்.

கண்ணுல தண்ணி முட்ட, கடைசி மெஷின்ல போய் உட்கார்ந்தா. அஞ்சு நிமிஷத்துல சைரனும் அங்க வந்து, நூலைச் சரி பார்க்கிற மாதிரி குனிஞ்சாங்க.

"தலையைத் தூக்காத. தைச்சுக்கிட்டே கேளு. நீ மாத்திரை போடறதைப் பார்த்தேன். என் தங்கச்சிக்கும் அதேதான், அவளும் இப்படித்தான் தவிச்சா."

காலர்காரி குனிஞ்சபடியே முணுமுணுத்தா. "நிறுத்திடலாம்னு இருக்கேன்க்கா."

"அடிப்பாவி! நீயா நிறுத்தினா ரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறிடும். சாயங்காலம் நேரா டாக்டர்கிட்ட போய் இப்படிக் கொட்டுதுன்னு வெட்கப்படாம சொல்லு. அதுக்கு வழி இருக்கு. அதுவரைக்கும், இங்கிருந்து ரெண்டே எட்டுதான். எத்தனை தடவை வேணாலும் போ."

"அப்புறம் ஏன்க்கா எல்லார் முன்னாடியும் அப்படித் திட்டினீங்க?"

சைரன் கண்ணாடி ரூமை ஓரக்கண்ணால பார்த்தாங்க.

"சோம்பேறின்னா அந்தாளு திட்டறதோட விட்டுடுவான்டி. சீக்காளின்னா வீட்டுக்கு அனுப்பிடுவான்."