தூணில் ஒட்டிய மாதா

பொறியாளர் சுத்தியலை ஓங்கினார். தூணில் சாமிகளைப் பார்த்ததும் கையை இறக்கிவிட்டார்.

இறக்க வேண்டும் என்றுதானே ஒட்டியிருந்தார்கள்.

புதுவாயல் கூட்டுரோட்டுக்குப் பின்னால் இருக்கிற நான்கு மாடிக் கட்டடம் அது. குடியிருப்பவர்களில் பாதிப் பேர் கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கிறவர்கள். கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் வரிசையாகத் தூண்கள். அதில் கேட்டை ஒட்டிய மூலைத் தூணுக்கு மட்டும் தனி மரியாதை. மேலே பிள்ளையார் டைல்ஸ், நடுவில் திருத்தணி முருகன், கீழே வேளாங்கண்ணி மாதா. மாதாவின் காலடியை மறைத்தபடி ஒரு பிளாஸ்டிக் பூங்கொத்தும் மெழுகுவர்த்தித் தட்டும்.

தெருச் சுவரில் எவனும் ஒன்றுக்குப் போகக் கூடாதென்று சாமி ஒட்டுவார்கள். இங்கே எவனும் தட்டிப் பார்க்கக் கூடாதென்று ஒட்டியிருந்தார்கள்.

டைல்ஸுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அங்கேயே குடியிருக்கிற மெர்சிக்குத் தெரியும். ஒட்டுவதற்கு முன்னால் அந்த விரிசலுக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தவள் அவள்.

கட்டடம் உறுதியாக இருக்கிறதா என்று பார்க்கிற இந்த ஆய்வுக்காக அவள் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, ரிப்பேருக்கென்று மாசாமாசம் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும், நம் சங்க விதியிலேயே இருக்கிறது என்பாள். எல்லோரும் தலையாட்டுவார்கள். அடுத்த மாசம் வாசலுக்கு ஆர்ச் வரும். அதற்கடுத்த மாசம் ஆர்ச்சுக்கு சீரியல் லைட் வரும்.

அவளுக்குத் திமிர் என்று ஒரு பேச்சும் உண்டு. கேட்டுக்குள் நுழையும்போதே தலையைத் தூக்கிக்கொண்டு வருகிறாளாம்.

இன்றைக்கு அந்தச் சுத்தியல் இந்த ஒரு தூணில் பட்டால் போதும். படாவிட்டால் கட்டடம் நன்றாக இருக்கிறது என்று கையெழுத்தாகிவிடும். மேலே இருக்கிற குழந்தை குட்டியெல்லாம் அந்தக் கையெழுத்தை நம்பித் தூங்கும்.

மற்ற தூணெல்லாம் தட்டியாகிவிட்டது, இதுவும் அவற்றோடு பிறந்ததுதானே என்று சங்கச் செயலாளர் மோகன்ராஜ் சிரித்தார். சிரித்துக்கொண்டே இளநீரை நீட்டினார். சாமி படத்தில் தன்னால் கை வைக்க முடியாது, சங்கமே எடுத்துக் கொடுத்தால் இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார் பொறியாளர். சுத்தியலை ஒரு ஸ்கூட்டர் சீட்டில் வைத்துவிட்டு இளநீரை வாங்கிக்கொண்டார்.

சுற்றி நின்றவர்கள் மூச்சு விட்டார்கள்.

இன்னொரு நாள் என்பது வராது. மெர்சி ஸ்கூட்டர் பக்கம் நகர்ந்தாள்.

இரண்டாம் மாடி ஈஸ்வரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சீல் வெச்சிட்டாங்கன்னா, லோனையும் கட்டிக்கினு நாங்க நடுரோட்லயா நிக்கிறது மெர்சிக்கா?"

ஈஸ்வரியின் பயம் பொய்யில்லை. மெர்சிக்கு அவள்மேல் பாவமாகத்தான் இருந்தது. அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டுச் சுத்தியலை எடுத்து மாதாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

மோகன்ராஜின் சிரிப்பு போய்விட்டது.

"போயும் போயும் அந்தக் கல்லு மேல கை வைக்கிறியேம்மா, உனுக்கே நல்லாக்கீதா?"

பிள்ளையாரையும் முருகனையும் அவள் தொடவில்லை. தொட்டால் பேச்சு வேறெங்கோ போய்விடும், தூணை எல்லோரும் மறந்துவிடுவார்கள். மாதா அவளுடைய ஆள். கோபம் வந்தாலும் இரண்டு பேருக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

பூங்கொத்தை எடுத்துக் கீழே வைத்தாள். மெழுகுவர்த்தித் தட்டையும் நகர்த்தினாள். மாதாவை விரலால் தொட்டு முத்தமிட்டுக்கொண்டாள்.

ஓங்கி ஒரே அடி.

டைல்ஸ் இரண்டாகப் பிளந்து விழுந்தது. பின்னால் விரிசலை மூடப் பூசியிருந்த பட்டியும் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே கம்பி துருப்பிடித்து, உப்பி, சிமெண்டை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

பொறியாளர் இளநீரைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து விரிசலுக்குள் விட்டார். பேனா மூடி வரைக்கும் போனது. அவர் முகத்தில் அதுவரை இருந்த அலட்சியம் போய்விட்டது.

இன்னும் கிட்டே போய்ப் பார்க்க, காலில் இடறிய டைல்ஸ் துண்டைக் குனிந்து எடுத்தார். அது மாதாவின் காலடித் துண்டு. பூங்கொத்து இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த எழுத்து அதில் இருந்தது. அவர் வாய்விட்டே படித்தார்: எட்வர்ட் நினைவாக, உபயம் குடியிருப்போர் நலச் சங்கம்.

யார் இந்த எட்வர்ட் என்று கேட்டார்.

மோகன்ராஜ் இளநீர்க் காயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் ஊட்டுக்காரரு," என்றாள் மெர்சி.

உடம்புக்கு என்ன என்று பொறியாளர் மரியாதைக்குக் கேட்டு வைத்தார்.

மெர்சி கையிலிருந்த சுத்தியலை நேராக மேலே தூக்கிக் காட்டினாள்.

கேட்டுக்கு நேர் மேலே, மூன்றாம் மாடி சன்ஷேடில் பாதியைக் காணோம். உடைந்த ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிக்கும் சேர்த்துப் புதுசாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

பொறியாளர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு நின்ற இடத்தைவிட்டு மெல்ல நகர்ந்தார்.

மெர்சி நகரவில்லை. சுத்தியலை அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"மத்த தூணெல்லாம் இன்னொரு வாட்டி தட்டிப் பாருங்க சார்."